இஞ்சிக்கு முப்பத்தெட்டு அட்டைகள்

3 ஜனவரி 1994, திங்கள்

இந்த வருடம் நாட்குறிப்பை ஒழுங்காக எழுதப் போகிறேன். அலுவலகத்தில் நடப்பது எதுவும் எனக்குச் சரியாகப் படவில்லை. நாளைக்கு யாராவது கேட்டால் தேதியோடு சொல்ல வேண்டும்.

பாளையங்கோட்டையில் எங்கள் அறக்கட்டளை ஆங்கிலச் சொற்களின் பிறப்பைத் தேடி ஒரு அகராதி போடுகிறது. ஒவ்வொரு சொல்லையும் அதன் அப்பன், பாட்டன், பூட்டன் வரைக்கும் பின்னாலேயே விரட்டிக்கொண்டு போக வேண்டும். ஒரு செய்திக்கு ஒரு அட்டை. கீழே எழுதியவர் பெயரின் முதலெழுத்து. எனக்கு வந்திருக்கும் சொல் ‘ஜிஞ்சர்’. முதல் தொகுதியில் முதலில் நிற்கப் போகிற சொல் அதுதான். குருத்துவக் கல்லூரியில் படித்த லத்தீனும் கிரேக்கமும் ஐம்பத்தாறு வயதில் எனக்குக் கைகொடுக்கிறது. பாதிரியாராகவில்லை என்று என் அப்பா சாகும்வரை முறுக்கிக்கொண்டிருந்தார், அது வேறு கதை.

இன்று புதிதாக ஒரு அம்மாள் வந்து சேர்ந்திருக்கிறார். மைமூன் பீவி, மேலப்பாளையம். புனேயில் ஒரு அகராதி அலுவலகத்தில் பன்னிரண்டு வருடம் இருந்தாராம். கணவர் இறந்தபின் ஊருக்கு வந்துவிட்டார். பாலி, சமஸ்கிருதம், அரபி மூன்றும் தெரியுமாம். நிர்வாகி தீர்த்தாரப்பன் அவரைக் கூட்டிக்கொண்டு வந்து எனக்கு அடுத்த மேசையில் உட்காரவைத்தார். கூடவே, “ரெண்டாந் தொகுதிக்கு ஒரு ஆளத்தான் வச்சிக்கிட முடியும் வே, பாத்துக்கிடும்” என்று என் காதில் போட்டுவிட்டுப் போனார்.

அந்த அம்மாள் புனேயில் அட்டை வேலை எப்படிச் செய்வார்கள் என்று நீளமாகச் சொன்னார். முன்பக்கம், பின்பக்கம், பென்சில் என்று ஏதேதோ. நான் சரி சரி என்று தலையாட்டினேன். என் கவனமெல்லாம் அவர் நாற்காலியிலிருந்து கையை நீட்டினால் என் இழுப்பறை எட்டுமா என்பதில் இருந்தது. எட்டும். பூட்டு கெட்டு ஒரு வருடமாகிறது.

13 ஜனவரி, வியாழன்

பொங்கலுக்குக் கடைத்தெருவெல்லாம் இலையோடு இஞ்சியும் மஞ்சளும். நாங்கள் பொங்கல் வைக்காவிட்டாலும் பொன்மணி ஒரு கொத்து இஞ்சி வாங்கினாள். “இதையா ஒரு வருசமா தேடிக்கிட்டிருக்கிய? கேட்டிருந்தா நானே வாங்கித் தந்திருப்பேனே” என்றாள். கல்யாணமாகி முப்பது வருடமாக இப்படித்தான்.

19 ஜனவரி, புதன்

இன்று வரை ‘ஜிஞ்சர்’ வந்த வழி, என் அட்டைகளின்படி: இன்றைய ஆங்கிலத்துக்கு முன் பழைய ஆங்கிலத்தில் ‘ஜிஞ்ஜிஃபெர்’. இடையில் பிரெஞ்சுக்காரர்கள் வழியாகவும் ஒரு தடவை வந்து கலந்திருக்கிறது. அதற்கு முன் லத்தீன் ‘ஜிங்கிபெரி’. அதற்கும் முன் கிரேக்க ‘ஜிங்கிபெரிஸ்’. அதற்கு அப்பால் கடல். கடலுக்கு இந்தப் பக்கம் சமஸ்கிருத ‘சிருங்கவேரம்’. ‘சிருங்கம்’ என்றால் கொம்பு, இஞ்சி கொம்பு மாதிரி கிளைத்திருக்கிறது, ஆகவே பொருத்தம். அட்டை எண் 22. கையெழுத்தும் நன்றாக வந்திருக்கிறது.

20 ஜனவரி, வியாழன்

அட்டை எண் 22ஐக் காணவில்லை.

21 ஜனவரி, வெள்ளி

அட்டை எண் 22 அதே இடத்தில் இருக்கிறது. நேற்று மூன்று தடவை தேடினேன். நான் ஒன்றும் குருடனில்லை.

மைமூன் அம்மாள் “வணக்கம் சார், நல்லாயிருக்கியளா” என்றார். நன்றாகத்தான் இருக்கிறேன் என்றேன். ஏன் இன்றைக்குப் பார்த்து அதைக் கேட்க வேண்டும்?

31 ஜனவரி, திங்கள்

பத்து நாளில் ஏழு அட்டைகள் போய்த் திரும்பின. சாயங்காலம் போகிறது, மறுநாள் மத்தியானத்துக்குள் வந்துவிடுகிறது. எடுத்தவர் வரிசை மாறாமல் வைக்கிறார். இவ்வளவு சுத்தமாக வைப்பதே பழகின கை என்பதற்கு அடையாளம்.

வெள்ளிதோறும் அவர் தபாலாபீசுக்கும் போகிறார். முகவரியை எட்டிப் பார்த்தேன். புனே. இங்கே என் அட்டை, அங்கே புனே. இரண்டையும் முடிச்சுப்போட எனக்குப் பெரிய மூளை வேண்டியதில்லை.

8 பிப்ரவரி, செவ்வாய்

ஒரு சோதனை செய்தேன். நேற்றுப் புறப்படும்போது இழுப்பறையின் விளிம்பில் கொஞ்சம் முகப்பவுடரைத் தூவிவிட்டு வந்தேன். இன்று காலையில் அதில் நான்கு விரல் பதிந்திருந்தது. அந்த அம்மாளின் கருப்புத் துப்பட்டியின் ஓரத்திலும் வெள்ளையாக ஒரு கோடு.

பிடிபட்டாய் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். சத்தியமாகச் சந்தோஷமாக இருந்தது.

வீட்டில் பொன்மணி, “பவுடர் டப்பா பாதி காலியா இருக்கே, யாரு போட்டா? இந்த வயசுல ஆபீசுக்கு மேக்கப்பு கேக்குதாக்கும்” என்று ஆரம்பித்தாள். விஷயத்தைச் சொன்னேன். டப்பாவை மூடி அலமாரியில் வைத்தாள்.

“நேரா கேட்டுற வேண்டியதுதான? ஏம்மா, எதுக்கு எடுக்கேன்னு.”

“கேட்டா ஒத்துக்கிடுவாளா?”

“கேக்காம எப்படித் தெரியும்?”

இவளுக்குத் துப்பறிகிற விஷயமெல்லாம் புரியாது.

17 பிப்ரவரி, வியாழன்

நேற்று எங்களுக்கு லெந்து என்னும் நாற்பது நாள் தவக்காலம் தொடங்கியது. அவர்களுக்கு நோன்பு தொடங்கி நாலைந்து நாளாகிறது. நான் டீயை விட்டிருக்கிறேன், அவர் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. ஆகையால் பதினோரு மணிக்கு அறையில் இரண்டு பேருமே டீ குடிக்காமல் உட்கார்ந்திருக்கிறோம். அவர் ஒரு தடவை சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

வேலையை மட்டும் குறை சொல்ல முடியாது. பசியோடு அத்தனை பெரிய பாலிப் புத்தகத்தை வைத்துக்கொண்டு வரிவரியாக விரல் வைத்துப் படிக்கிறார். ஆனால் அவருக்கு ஒதுக்கிய சொற்கள் அரிசியும் ஆரஞ்சும். நான் எட்டிப் பார்த்தபோது அவர் விரல் இருந்த இடத்தில் ‘சிங்கிவேர’ என்று இருந்தது. இஞ்சி!

24 பிப்ரவரி, வியாழன்

நோன்புக் கஞ்சி ஒரு தூக்குவாளி நிறையக் கொடுத்தனுப்பியிருக்கிறார். என் கையில்தான் கொடுத்தார். “அக்காவுக்குக் குடுங்க சார். இஞ்சி கொஞ்சம் தூக்கலா போட்டிருக்கேன், நம்ம வேலைக்குப் பொருத்தமா” என்றார்.

‘நம்ம வேலை’ என்று சொன்னதைக் கவனித்தேன். பொன்மணி வாளியைக் கழுவ வேண்டாத அளவுக்கு வழித்துக் குடித்தாள். நான் தொடவில்லை. எதற்கு ஒருவர் காரணமில்லாமல் கஞ்சி கொடுக்க வேண்டும்?

2 மார்ச், புதன்

புனேயிலிருந்து அவருக்குக் கனத்த உறை வந்தது. பிரித்ததும் முகமெல்லாம் மலர்ச்சி. என் பக்கம் திரும்பி, “சார், பக்கம் கெடச்சிட்டு” என்றார். என்ன பக்கம், யாருடைய பக்கம்? நான் தலையைக் குனிந்துகொண்டேன். திருடியதை விற்றுவிட்டு விலையை வந்து என்னிடமே சொல்வது எந்த ஊர்த் துணிச்சல் என்று தெரியவில்லை.

இனிப் பொறுக்க முடியாது.

7 மார்ச், திங்கள்

நிர்வாகிக்குப் புகார் எழுதிக் கொடுத்தேன். ஒன்றரைப் பக்கம். என் அட்டைகளை எடுத்துப் பார்த்து எழுதிப் புனேக்கு அனுப்புகிறார், தன் பெயரில் வெளியிடும் நோக்கம் என்று சந்தேகிக்கிறேன் என்று தேதிகளோடு எழுதினேன். முதலில் ‘எடுக்கிறார்’ என்றுதான் எழுதினேன். நகல் எடுக்கும்போது அது ‘திருடுகிறார்’ ஆகிவிட்டது.

10 மார்ச், வியாழன்

விசாரணை கால் மணி நேரத்தில் முடிந்தது. தீர்த்தாரப்பன், அந்த அம்மாள், நான்.

“இவரு அட்டைய நீங்க எடுத்தது உண்டாம்மா?”

“உண்டு சார்.”

“எழுதுனிய?”

“எழுதுனேன். அதுல ஒளிக்க என்ன இருக்கு?” அவர் என் பக்கம் திரும்பினார். “சாருக்கே தெரியுமே. சாரே சொல்லட்டும்.”

நான் சொல்ல வேண்டியதைத்தான் தாளில் சொல்லியிருந்தேனே. பேசாமல் இருந்தேன். அவர் ஏதோ ஒன்றை எதிர்பார்த்தவர்போல என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முகம் மாறியது. “அப்படியா சார்? சரி” என்றார். அதற்குமேல் நிர்வாகி என்ன கேட்டும் வாயைத் திறக்கவில்லை.

மத்தியானமே பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். இரண்டாம் தொகுதிக்கு நீர்தான் என்று தீர்த்தாரப்பன் என் தோளில் தட்டினார். அவர்களுடைய பெருநாளைக்கு இன்னும் நாலைந்து நாள்தான் இருக்கிறது. அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

14 மார்ச், திங்கள்

பெருநாள் விடுமுறை. பொன்மணி காலையிலிருந்து என்னோடு பேசவில்லை. “அந்தத் தூக்குவாளி இன்னும் நம்ம வீட்டுலதான் கெடக்கு” என்று மட்டும் ஒரு தடவை சொன்னாள். எனக்குக் காய்ச்சல் மாதிரி இருக்கிறது.

22 மார்ச், செவ்வாய்

பன்னிரண்டு நாளாக ஒரு அட்டையும் காணாமல் போகவில்லை. நான் நினைத்தது சரி.

ஒவ்வொரு காலையும் எண்ணுகிறேன். முப்பத்தெட்டு. அப்படியே இருக்கிறது.

26 மார்ச், சனி

இஞ்சியைப் பற்றிய கட்டுரையை ஏப்ரல் எட்டாம் தேதி அகராதிக் குழுவின் முன் வாசிக்க வேண்டும். சுத்தப் பிரதி எழுதுவதற்காக அட்டைகளை வீட்டுக்குக் கொண்டுவந்து கட்டிலில் பரப்பியிருந்தேன். பொன்மணி மெத்தை விரிப்பை மாற்ற வந்தவள் ஒரு கத்தையை அள்ளினாள்.

“வரிசை கலைஞ்சிரும், வை.”

“வைக்கேன். இது யாரு எழுத்து? முத்து முத்தா இருக்கு.”

“எல்லாம் என் எழுத்துதான்.”

“ஒங்க எழுத்து எனக்குத் தெரியாதாக்கும். பின்னால பென்சில்ல எழுதியிருக்கே, அதக் கேக்கேன்.”

இதற்குமேல் இன்று எழுத முடியவில்லை.

27 மார்ச், ஞாயிறு

குருத்தோலை ஞாயிறு. ஆராதனைக்குப் போகவில்லை.

முப்பத்தெட்டில் முப்பத்தொரு அட்டைகளின் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறது. மெல்லிய பென்சில். முன்பக்கத்தில் ஒரு புள்ளிகூட வைக்கவில்லை. என் வேலையில் நான்கு இடத்தில் பக்க எண் தவறு, இரண்டு இடத்தில் கிரேக்க எழுத்து தவறு. சரியானது பின்னால் இருக்கிறது. அட்டை எண் 22இன் பின்னால் இருப்பதை அப்படியே எழுதி வைக்கிறேன்:

“சார், ‘கொம்பு’ விளக்கம் பின்னால் வந்ததாகத் தெரிகிறது. வெளியிலிருந்து வந்த சொல் புரியாதபோது, தெரிந்த சொல்லின் அர்த்தத்தை அதன்மேல் ஒட்டிவிடுவது எல்லோருக்கும் வழக்கம்தானே. பாலியில் ‘சிங்கிவேர’. இதன் கடைசிப் பகுதி நம் ‘வேர்’ என்கிறார்கள். முதல் பகுதி நம் ‘இஞ்சி’. அதற்கு முன்னால் ஒரு காலத்தில் ‘ச’ இருந்து தமிழில் உதிர்ந்திருக்க வேண்டும். நாம் உதிர்த்ததை அவர்கள் வைத்திருக்கிறார்கள். கிரேக்கர்களுக்கு அந்த வழியாகப் போயிருக்கலாம். பக்கம் தெரியவில்லை, புனேயில் கேட்டு எழுதியிருக்கிறேன்.”

அதன் கீழே வேறு தேதியில்: “பக்கம் கிடைத்துவிட்டது.” எண்ணும் இருக்கிறது.

அட்டை 31இல் அரபி ‘ஸன்ஜபீல்’. திருக்குர்ஆனில் சொர்க்கத்தின் பானத்தில் இஞ்சி கலந்திருக்கும் என்று வரும் வசனத்தின் எண்ணைக் கொடுத்து, “இது உங்கள் கட்டுரைக்கு அழகாக இருக்கும், விருப்பமானால் சேர்த்துக்கொள்ளுங்கள்” என்று எழுதியிருக்கிறார். எந்த அட்டையிலும் அவர் பெயரின் முதலெழுத்து இல்லை.

முதல் நாள் அவர் நீளமாகச் சொன்னது இதைத்தான். சரிபார்ப்பவர் முன்பக்கத்தைத் தொடமாட்டார், பின்பக்கத்தில் பென்சிலால் எழுதி இருந்த இடத்திலேயே வைப்பார். அதுதான் புனே வழக்கம். நான் சரி சரி என்று தலையாட்டியிருக்கிறேன். இரண்டு மாதமாக அட்டைகளை எண்ணினேன், பவுடர் தூவினேன், ஒன்றையாவது திருப்பிப் பார்க்கவில்லை.

வெட்கமாக இருக்கிறது. வேறு சொல் தேட வேண்டியதில்லை.

29 மார்ச், செவ்வாய்

ஒரு யோசனை. பென்சில் எழுத்துதானே, ரப்பர் போட்டு அழித்தால் போய்விடும். கட்டுரை முதல்தரமாக வரும். யாருக்கும் தெரியாது.

ரப்பரைக் கையில் எடுத்தேன் என்பதை இங்கே மறைக்க விரும்பவில்லை. எடுத்தேன், வைத்துவிட்டேன்.

2 ஏப்ரல், சனி

நேற்றுப் பெரிய வெள்ளி. மூன்று மணி நேரம் கோவிலில் உட்கார்ந்திருந்தும் ஒரு வார்த்தை மனதில் ஏறவில்லை. இன்று தூக்குவாளியை எடுத்துக்கொண்டு பொன்மணியோடு மேலப்பாளையம் போனேன். வாளியை வெறுமனே கொடுக்கக் கூடாது என்று அதில் முறுக்கு போட்டிருந்தாள்.

மைமூன் அம்மாள் கதவைத் திறந்தார். பொன்மணியை “வாங்கக்கா” என்றார். என்னை ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் நாற்காலி போட்டார். கல்லூரியில் படிக்கும் மகள் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

“நான் பின்பக்கத்தப் பாக்கவே இல்லம்மா” என்றேன். பாதி வழியிலிருந்து சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த வாக்கியம் அது ஒன்றுதான்.

அவர் நம்பவில்லை. பிறகு நம்பினார். நம்பியபின்தான் அவர் முகம் இன்னும் வாடியது.

“தெனமும் வாசிக்கியன்னுல்லா நெனச்சேன். ஒண்ணுஞ் சொல்லலையே, அப்ப சரின்னுதான அர்த்தம்னு அடுத்தத எழுதுனேன். அன்னைக்கு நிர்வாகி ரூம்ல, எல்லாந் தெரிஞ்சும் வேணும்னே வாய மூடிக்கிட்டு இருக்கியன்னு நெனச்சேன். அதான் நானும் பேசல.” தூக்குவாளியை எடுத்து ஓரமாக வைத்தார். “ரெண்டு மாசம் பக்கத்து மேசையில இருந்தேன் சார். எதுக்கு எடுக்கேன்னு ஒரு வார்த்த கேக்கலையே.”

பொன்மணி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இதைத்தான் அவளும் சொன்னாள், ஆனால் இப்போது சொல்லிக்காட்டவில்லை.

“வேலய திரும்ப வாங்கித் தாரேம்மா.”

“வேல கெடக்கட்டும். மதுரையில ஒரு எடத்துல கேட்டிருந்தேன். வரச் சொன்னாவ. பொறவு இங்க நம்ம ஆபீசுல விசாரிச்சிருக்காவ போல, வரவேண்டாம்னு கடுதாசி வந்துட்டு. திருடுனேன்னு ஒரு தாள் அங்க கெடக்குல்லா, அது கெடக்கிற வரைக்கும் நான் எங்க போயி அட்டைய தொட முடியும்? பன்னெண்டு வருசம் இந்தக் கையாலதான் சோறு தின்னேன்.”

அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

5 ஏப்ரல், செவ்வாய்

தீர்த்தாரப்பனிடம் தனியாகச் சொன்னேன். “முடிஞ்ச காரியத்த ஏம்வே கிளறுதீரு? அந்தத் தாள கமுக்கமா கிழிச்சிருவோம். கட்டுரைய நீரே வாசியும்” என்றார். கிழித்தால் மதுரைக்காரர்களுக்குச் சொன்னது எப்படிக் கிழியும் என்று கேட்டேன். அவர் கண்ணாடியைத் துடைத்தார். அவரும் என்னைச் சந்தேகமாகத்தான் பார்த்தார். இதில் எனக்கு என்ன லாபம் என்று கணக்குப் பார்ப்பது தெரிந்தது. அந்தப் பார்வை எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியாதா?

8 ஏப்ரல், வெள்ளி

குழு கூடியது. வெளியூர் உறுப்பினர்கள் ஐந்து பேர் (அதில் ஒருவர் மைமூன் அம்மாளை வரவேண்டாம் என்று எழுதிய மதுரை இடத்துக்காரர்), தீர்த்தாரப்பன், குறிப்பெடுக்க ஒரு எழுத்தர். மைமூன் அம்மாளை வரச் சொல்லி நானே பதிவுத் தபாலில் எழுதியிருந்தேன். வருவார் என்று நினைக்கவில்லை. வந்து கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

கட்டுரையை வாசித்தேன். ஆங்கிலம், பிரெஞ்சு, லத்தீன், கிரேக்கம், பாலி, தமிழ். ஆறு படி. பாலிக்கு வந்ததும் பக்க எண்ணோடு படித்தேன். அரபிக் கிளையையும் வசன எண்ணையும் சொன்னபோது மதுரை உறுப்பினர் நிமிர்ந்து உட்கார்ந்தார். முடித்ததும் எல்லோரும் மேசையைத் தட்டினார்கள்.

தட்டி முடிக்கும்வரை நின்றேன். பிறகு சொன்னேன். இந்தக் கட்டுரையில் சரியாக இருப்பது அநேகமாக என்னுடையதல்ல. இந்த அம்மாள் திருடியதாக நான் எழுதிக் கொடுத்தது பொய். திருத்தினார், நான் திருப்பிப் பார்க்கவில்லை. அட்டைகளை மேசையில் கவிழ்த்து வைத்திருக்கிறேன், எடுத்துப் பாருங்கள்.

எடுத்துப் பார்த்தார்கள். வெகுநேரம் பார்த்தார்கள். புகாரைக் கிழிக்க வேண்டாம், அது பொய் என்று அதன்மேலேயே என் கையெழுத்தோடு எழுதித் தருகிறேன், அதன் நகலை மதுரைக்கு அனுப்புங்கள் என்றேன். அங்கேயே எழுதினேன். கட்டுரை மைமூன் பீவி பெயரில் போகட்டும், இரண்டாம் தொகுதிக்கும் அவரே இருக்கட்டும் என்றேன். மதுரை உறுப்பினர் தாளை வாங்கிப் படித்து மடித்துத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். மைமூன் அம்மாள் என்னைப் பார்க்கவில்லை, அந்தச் சட்டைப்பையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

தீர்த்தாரப்பனுக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. இத்தனை பேர் முன்னால் அவருக்கும் அவமானம்தான்.

“எல்லாத்தையும் அந்தம்மாதான் செஞ்சான்னா, இத்தன நாளா அந்த மேசையில உக்காந்து நீரு என்னதான்வே செஞ்சீரு?”

“காவல் காத்தேன்” என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. எழுத்தர் பேனாவை நிறுத்திவிட்டு நிர்வாகியைப் பார்த்தார். அதையும் எழுதிக்கொள்ளுங்கள் என்று நான் சொன்னேன்.